நான்காவது ஆள்

நோயைப் பற்றி நம் இலக்கியத்தில் சொல்லப்பட்டிருப்பது மிகக் குறைவு. சாவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. புதுக்கவிதை தொடங்கிய நாளிலிருந்து நாம் சாவை எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். சாவு கவிஞனுக்குச் சௌகரியமான விஷயம். அதற்கு விவரங்கள் தேவைப்படுவதில்லை. நோய்க்கு விவரங்கள் உண்டு. பத்தியம் உண்டு, பரிசோதனைக் காகிதம் உண்டு, பஸ் நேரம் உண்டு, கூடப் போகிறவன் போடும் லீவு உண்டு. இவ்வளவு விவரங்களையும் தாங்கும் மொழியை நாம் இன்னும் உண்டாக்கிக்கொள்ளவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அதனாலேயே நோயாளியின் பக்கத்தில் உட்கார நேர்கிறபோது நம்மிடம் சொற்கள் இருப்பதில்லை. இரவல் சொற்களை எடுத்துக்கொள்கிறோம். அப்படி நான் எடுத்துக்கொண்ட இரண்டு சொற்களைப் பற்றியது இக்கட்டுரை. ஒன்று 'இயற்கை'. மற்றது 'உப்பு'.

என் அப்பாவுக்கு எழுபத்தொரு வயது. பாலக்கோட்டுப் பக்கம் மேட்டுக் காட்டில் ராகியும் நிலக்கடலையும் போட்டுப் பிழைத்தவர். இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன என்று சென்ற ஆண்டு தெரியவந்தது. இதைச் சொல்வது அனுதாபத்துக்காக அல்ல. இப்படிப்பட்ட அப்பாவோ அம்மாவோ இல்லாத வீடு இன்று குறைவு. சொல்வதன் காரணம் வேறு. இவ்விஷயத்தில் நான் யோசித்ததெல்லாம் அவர் உடம்பை வைத்து யோசித்தது. அதை மறைத்துப் பொதுவாகப் பேசினால் பொய்யாகிவிடும்.

1

செய்தி தெரிந்த பத்து நாளில் சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள், அலுவலக சகாக்கள் என்று கேட்ட எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "இயற்கையா ஏதாவது பார்க்கலாமே." பிறகு பட்டியல் வரும். சிறுபீளை, நெருஞ்சில், மூக்கிரட்டை, வாழைத்தண்டுச் சாறு, சுரைக்காய், மக்காச்சோள நார், கொள்ளு ரசம், இளநீர். சொன்னவர்களில் படிக்காதவர்களும் உண்டு. இலக்கியம் படித்தவர்களும் உண்டு. நம் வட்டத்திலேயே இரண்டு பேர் உண்டு.

இந்த வாக்கியத்தைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அது உண்மையில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். நோயுற்றவன் வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்பது நம் பழக்கம். பழம் கொண்டுவருகிறோம். இந்தப் பச்சிலைப் பெயர்களும் அப்படிக் கொண்டுவரப்படுபவைதான். 'என்னால் ஒன்றும் செய்ய முடியாது' என்று சொல்லக் கூசுகிற மனசு ஒரு இலையின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறது. இதில் அன்பு இருக்கிறது. ஆனால் அன்பின் சொல் என்பதாலேயே அதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

முதலில் ஒரு சாதாரண உண்மை. மேலே சொன்ன பட்டியலில் முக்கால்வாசி கல்லடைப்புக்கும் நீர்க்கடுப்புக்கும் சொல்லப்பட்டவை. நீரைப் பெருக்கிக் கல்லைத் தள்ளுவது ஒரு காரியம். செத்துப்போன வடிகட்டிகளைப் பிழைக்க வைப்பது முற்றிலும் வேறு காரியம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, ஒன்றரை லிட்டர் போல வெளியே விட்டு, மீதியைத் திருப்பி உள்ளே வாங்கிக்கொள்கின்றன. இவ்வடிகட்டிகள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. பாதிக்குப் பாதி போகும்வரை இரத்தப் பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் தெரிவதும் இல்லை. மிச்சமிருப்பவை போனவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்து சத்தமில்லாமல் தேய்கின்றன. கல்லடைப்பு வலிக்கும், இது வலிப்பதில்லை. வலிக்கிற நோய்க்கான மருந்தை வலிக்காத நோய்க்குக் கொடுக்கச் சொல்வதற்குக் காரணம், இரண்டுக்கும் பொதுவாக 'கிட்னி' என்ற ஒரு சொல் இருப்பதுதான். மொழியின் சோம்பல் என்று நாம் விமர்சனத்தில் சொல்கிறோமே, அது உடம்பிலும் வேலை செய்கிறது.

2

இயற்கை நல்லது என்ற நம்பிக்கையைத் தர்மபுரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு வைத்திருப்பது கஷ்டம்.

இங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். யாரும் தொழிற்சாலை வைத்துக் கலக்கவில்லை. பாறையில் இருக்கும் தாதுக்களிலிருந்து தானாகவே கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதற்கு மேல் இருந்த தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர்கள் இங்கே ஏராளம். பழுப்புக் கறை படிந்த பற்களைப் பார்த்தே ஆள் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். பல்லோடு நிற்பதில்லை, நாட்பட்டால் மூட்டும் முதுகெலும்பும் இறுகுகின்றன. இந்தத் தண்ணீரைவிட இயற்கையான பொருள் எது? இதிலிருந்து விடுதலை கொடுத்தது எது? ஒகேனக்கல்லிலிருந்து குழாய் போட்டுக் காவிரியைக் கொண்டுவந்த கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் கடன், சுத்திகரிப்பு நிலையம், பம்பு, இரும்புக் குழாய். 2013ல்தான் அது திறக்கப்பட்டது. அத்தனையும் செயற்கை. அப்பா அதற்கு முந்தைய தண்ணீரில் அறுபது வருஷம் வாழ்ந்தவர்.

உடம்புக்குள் போன ஃப்ளோரைடைப் பெரும்பாலும் வெளியேற்றுவதும் சிறுநீரகம்தான் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். வடிகட்டி பழுதானால் அது உள்ளேயே தங்குகிறது. இலங்கையில் அனுராதபுரம் பக்கத்திலும், ஆந்திரத்தில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும் விவசாயிகள் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இல்லாமலே சிறுநீரகம் கெட்டுச் சாகிறார்கள். தண்ணீரா, பூச்சிமருந்தா, வெயிலில் உழைத்து வற்றிப்போவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருந்தன. ஆகவே அவர் விஷயத்தில் தண்ணீரைக் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. ஆனால் சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் என் மனசை விட்டுப் போவதில்லை. அவருக்கு முழங்கால் வலி. காட்டு வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காக வருஷக்கணக்கில் மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார். அம்மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. வலி பாறையிலிருந்து வந்திருக்கலாம். மாத்திரை தொழிற்சாலையிலிருந்து வந்தது. இயற்கையும் செயற்கையும் அவர் உடம்பில் ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டன. எந்தப் பக்கம் சேர்ந்து நான் கோஷம் போடுவது?

நம் எழுத்தில் 'மண்', 'வேர்', 'இயற்கை' என்ற சொற்கள் நல்லது என்பதற்கு மறுபெயராகப் புழங்குகின்றன. கவிதையில் வந்தால் கவிதை மட்டும்தான் கெடுகிறது. அதே சொல்லை ஒருவர் இரத்தத்துக்குள் விடும்போது நிலைமை அப்படியல்ல.

3

1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் உடம்பை இளைக்க வைக்கும் ஒரு கிளினிக்கில் சீன மூலிகை கொடுத்தார்கள். எடுத்துக்கொண்ட இளம் பெண்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் அழிந்தது. 1993ல் இது மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. காரணம் ஒரு பெயர்க் குழப்பம். சீனத்தில் ஏறக்குறைய ஒரே பெயரால் அழைக்கப்படும் இரண்டு செடிகளில் ஒன்றுக்குப் பதில் மற்றது கலந்துவிட்டது. கலந்த செடி அரிஸ்டலோகியா இனத்தைச் சேர்ந்தது. டான்யூப் நதியின் கிளைகளை ஒட்டிய பால்கன் கிராமங்களில் பல தலைமுறையாக மர்மமாக இருந்த சிறுநீரக நோய்க்கும், கோதுமை வயலில் களையாக வளர்ந்து விதையோடு மாவில் கலந்த இதே இனத்துச் செடிதான் காரணம் என்று 2007ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. அங்கே அது மருந்தாகக்கூட வரவில்லை. அன்றாட ரொட்டியாக வந்தது.

இந்தச் செடிக்கு நம் ஊரில் ஓர் உறவு உண்டு. வரப்பிலும் காட்டிலும் படர்ந்து கிடக்கும் ஆடுதின்னாப்பாளை. அதே இனம், அதே நஞ்சு. புழுவுக்கும் பூச்சிக்கடிக்கும் நாட்டு மருந்தில் சேர்ப்பார்கள். ஆடுகூடத் தின்னாது என்று பெயரிலேயே எச்சரித்து வைத்த ஒரு சமூகம் இயற்கையை நம்பிய சமூகமாக எனக்குத் தெரியவில்லை. சந்தேகத்தோடு, அளந்து, பழகிப் பார்த்து வாழ்ந்த சமூகமாகத்தான் தெரிகிறது.

சித்த மருத்துவத்தையும் 'இயற்கை' என்ற கூடையில் போடுகிறார்கள். இது சித்தர்களுக்குச் செய்யும் அநியாயம். பாதரசத்தையும் பாஷாணத்தையும் சுத்தி செய்து, புடம் போட்டு, நெல்லெடை குன்றிமணியெடை என்று அளந்து, அனுபானமும் பத்தியமும் விதித்த முறை அது. அவர்கள் நோக்கம் இயற்கைக்குத் திரும்புவது அல்ல. இயற்கை உடம்புக்கு விதித்த நரையையும் திரையையும் சாவையும் எதிர்ப்பது. காயசித்தி என்று அதற்குப் பெயர். இயற்கையோடு அவர்களைப் போல மல்லுக்கு நின்றவர்கள் நம் மரபில் வேறு யாரும் இல்லை. 'இயற்கை வைத்தியம்' என்று நாம் இன்று சொல்வதற்கு நேர்மூதாதை ஜெர்மனியில் இருக்கிறார்கள். லைப்ஸிக் நகரத்து லூயி கூனேயும், இயற்கைக்குத் திரும்பச் சொன்ன அடால்ஃப் ஜஸ்டும். காந்தி இவர்களைப் படித்தார். 1946ல் புனேக்கு அருகே உருளி காஞ்சனில் இயற்கை வைத்திய நிலையம் தொடங்கினார். அதன் நியாயம் வேறு விஷயம். பாட்டி சொன்னது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் எவ்வளவு பங்கு ஐரோப்பாவின் தொழிற்புரட்சி மீதான அலுப்பு என்பதைத் தெரிந்துகொள்ளலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

தழைக்கும் மாத்திரைக்கும் பகை இருப்பதாக நினைப்பதும் தவறு. ஆப்பிள் மரத்து வேர்ப்பட்டையிலிருந்து 1835ல் ஃப்ளோரிஸின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வடிவத்தை மாற்றி மாற்றிச் செய்த மருந்துகளில் ஒன்றான டபாக்ளிஃப்ளோஸின், சிறுநீரகம் தேய்வதை மெதுவாக்குகிறது என்று 2020ல் நாலாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் செய்த சோதனை காட்டியது. ஆக, சிறுநீரகத்துக்கு மரப்பட்டையில் மருந்து இருக்கத்தான் செய்தது. ஆனால் பட்டைக்கும் மாத்திரைக்கும் நடுவே 185 வருஷம் இருந்தது. அந்த 185 வருஷத்தைத்தான் 'இயற்கையா ஏதாவது' என்ற வாக்கியம் தாண்டிக் குதிக்கிறது.

குதித்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடித் தூரம் போக வேண்டாம். கேரளத்தில் கொழுப்பு குறையும் என்று நம்பிப் பிலிம்பிக் காயைச் சாறு பிழிந்து குடித்துச் சிறுநீரகம் அடைத்துப்போன பத்துப் பேரைப் பற்றி 2013ல் ஒரு மருத்துவக் கட்டுரை வந்தது. நல்ல சிறுநீரகம் உள்ளவனுக்கு இளநீர் அமிர்தம். கெட்டுப்போனவனுக்கு அதிலுள்ள பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். வாழைத்தண்டுச் சாற்றுக்கும் இது பொருந்தும்.

இளநீர் என்று எழுதும்போது வேறொன்றும் ஞாபகத்துக்கு வருகிறது. 2010ல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து தலைக்கூத்தல் பற்றிய செய்திகள் வெளிவந்தன. படுத்த படுக்கையான முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கம். எண்ணெய்க் குளியல், இளநீர். இரண்டும் நம் வீடுகளில் அன்பின் அடையாளங்கள். அனுப்பிவிடுகிற பிள்ளை கையில் இருப்பதும் பிழைக்க வைக்க நினைக்கிற பிள்ளை கையில் இருப்பதும் ஒரே பொருள். இதிலிருந்து எனக்கு ஒன்று தெளிவாயிற்று. நல்லது கெட்டது பொருளில் இல்லை. நோக்கத்தில் இருக்கிறது என்று சொல்லி முடித்துவிடவும் முடியாது. ஏனென்றால் அறியாமல் இளநீர் கொடுத்தவன் நோக்கம் நல்லதாக இருந்தாலும் அப்பா செத்துத்தான் போவார். நல்ல நோக்கம் உள்ளவனுக்குத் தெரிந்துகொள்ளும் கடமையும் சேர்ந்தே வருகிறது. தெரிந்துகொள்ள மறுக்கும் அன்பு பாதி அன்புதான்.

4

இதுவரை சொன்னதை வைத்து நான் இயந்திரத்தின் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம். இயற்கைக்குத் தார்மீக அதிகாரம் இல்லை என்றால் அது தானாகவே இயந்திரத்துக்குப் போய்விடாது.

டயாலிஸிஸ் இயந்திரத்தின் கதையிலேயே இது இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடித்திருந்த ஹாலந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் அதை உருவாக்கினார். 1943ல் முதல் நோயாளியிடம் உபயோகித்தார். அடுத்தடுத்துப் பலர் இறந்தார்கள். 1945ல் முதலில் பிழைத்தது நாஜிகளுக்கு உடந்தையாக இருந்ததற்காகச் சிறையில் இருந்த ஒரு மூதாட்டி. இயந்திரம் பாத்திரம் அறிந்து பிச்சை போடுவதில்லை. பாத்திரம் அறிய முற்பட்டவர்கள் பிறகு வந்தார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் நோயாளிகள் அதிகம், இயந்திரங்கள் குறைவு. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட குழு அமைத்தார்கள். ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு வங்கிக்காரர், ஒரு குடும்பப் பெண், ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு சர்ஜன். வருமானம், படிப்பு, எத்தனை குழந்தைகள், சமூகத்தில் என்ன பயன் என்றெல்லாம் பார்த்தார்கள். 1962ல் 'லைஃப்' பத்திரிகை இதை வெளியிட்டபோது பெரும் அதிர்ச்சி உண்டாயிற்று. மருத்துவ அறவியல் என்று இன்று ஒரு துறையே இருப்பதற்கு அந்த அதிர்ச்சியும் ஒரு காரணம். 1972ல் அமெரிக்க அரசு செலவை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அந்த மாதிரிக் குழுவுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

குழுவிலிருந்த வங்கிக்காரரைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. கடன் கேட்டு வருகிறவன் திருப்பிக் கட்டுவானா என்று பார்த்துப் பழகிய கண் ஓர் உயிரை எப்படிப் பார்த்திருக்கும்? அந்தக் கண் எனக்கும் இருக்கிறது. அதே தொழில்தான் எனக்கும்.

நம் மாநிலத்தில் அப்படி ஒரு குழு கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிஸிஸ் உண்டு. 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வயிற்று வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிஸிஸுக்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. இவை சின்ன விஷயங்கள் அல்ல. இருந்தாலும் குழு கலைந்துவிடவில்லை. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், போக வர பஸ். கூட யார் போவது, யார் கூலி போவது, எழுபதைத் தாண்டிய உடம்புக்கு இது எதற்கு என்று சொல்லாமல் சொல்வது யார்? நோயாளியைத் தவிர எல்லோரும் அக்குழுவில் அங்கத்தினர்கள். 'இயற்கையா ஏதாவது பார்க்கலாமே' என்பது சில வீடுகளில் அக்குழுவின் தீர்ப்புத்தான். மென்மையான பாஷையில் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவே. என் வீட்டிலும் அப்படித்தானா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். இல்லை என்று உடனே பதில் சொல்ல முடியவில்லை.

5

இனி இரண்டாவது சொல்.

முதல் பரிசோதனைக் காகிதத்தில் கிரியாட்டினின் 4.2 என்றிருந்தது. அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்ததும் அப்பா முகத்தைப் பார்த்தார். "உப்பு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதாம்ப்பா" என்றேன்.

நம் ஜனங்கள் இதைச் சாதாரணமாகச் சொல்வதுதான். கிரியாட்டினினுக்கும் யூரியாவுக்கும் தமிழில் 'உப்பு' என்று பெயர் வைத்துவிட்டோம். ஆனால் அன்று நான் அதை மொழிபெயர்ப்பாகச் சொல்லவில்லை, திரையாகச் சொன்னேன். உப்பு கூடும், குறையும். சமையலில் கூடினால் தண்ணீர் ஊற்றலாம். செத்துப்போன வடிகட்டி கூடுவதும் இல்லை குறைவதும் இல்லை.

அப்பா நான் சொன்னதை நம்பினார். நம்பியதால் உப்பைக் குறைக்கும் மருந்தைத் தேடினார். இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போனபோது திண்ணையில் கஷாயச் சட்டி இருந்தது. பக்கத்தில் டவுன் கடையில் வாங்கிய ஒரு பொடி டப்பா. என்ன செடி என்று அதில் எழுதியிருக்கவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. பிரஸ்ஸல்ஸ், பொட்டாசியம் எல்லாம் சொல்லிச் சத்தம் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உப்புன்னுதானடா சொன்ன? உப்பைக் கரைக்கத்தான் குடிக்கறேன்" என்றார்.

மூட நம்பிக்கை என்று நான் திட்டிக்கொண்டிருந்தது என் பொய்யின் தர்க்கபூர்வமான முடிவு. எனக்குத் தெரிந்ததை வைத்து நான் யோசித்தேன். அவருக்குத் தெரிவிக்கப்பட்டதை வைத்து அவர் யோசித்தார். இரண்டு பேரில் அவர் யோசனைதான் நேர்மையானது.

டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' 1886ல் வெளிவந்தது. அதில் டாக்டர்கள் இடம் பெயர்ந்த சிறுநீரகமா குடல்வாலா என்று விவாதித்துக்கொண்டிருப்பார்கள். அவனுக்கோ உயிரா சாவா என்பது பிரச்னை. வலியைவிட அவனை அதிகமாக வதைப்பது சுற்றியிருப்பவர்களின் பொய். சாகவில்லை, சும்மா உடம்பு சரியில்லை, வைத்தியம் பார்த்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சேர்ந்து நடிப்பது. நடிக்காதவன் கெராஸிம் என்ற வேலைக்காரக் குடியானவன் ஒருவன்தான். அவன் சட்டியை எடுக்கிறான், காலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்கிறான், எல்லோரும் சாகப்போகிறவர்கள்தானே என்று ஒளிக்காமல் சொல்கிறான். கல்லூரி நாளில் படித்தபோது கெராஸிமை டால்ஸ்டாயின் உபதேச பொம்மை என்று நினைத்தேன். அப்பாவின் திண்ணையில் அப்படித் தோன்றவில்லை.

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் உண்டு, 95ஆவது. பத்துக் குறளிலும் ஒரு மூலிகையின் பெயர்கூடக் கிடையாது. பெரும்பகுதி அளவோடு உண்பதைப் பற்றியது. மீதி வைத்தியன் நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்வதைப் பற்றியது. கடைசிக் குறள் மருத்துவம் நான்கு பகுதி என்கிறது: நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துச் செய்கிறவன். இந்த நான்காவது ஆளை நம் மேடைப் பேச்சாளர்கள் கவனிப்பதில்லை. பரிமேலழகர் கவனித்திருக்கிறார். அவனுக்கு வேண்டிய குணங்களில் நோயாளியிடம் அன்பையும், மனம் மொழி மெய் மூன்றின் தூய்மையையும் சொல்கிறார். மெய்த் தூய்மை சுலபம். கை கழுவினால் போதும். மனத் தூய்மை என்னிடம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மொழித் தூய்மையில்தான் தவறியிருந்தேன். நானும் என் உறவினர்களும் நாலு மாதமாக மூன்றாவது இடத்தைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்: தழையா, மாத்திரையா, மெஷினா. நான்காவது இடம் காலியாக இருந்தது. அது என் இடம்.

பெரியவர்களுக்கு உண்மையைச் சொன்னால் மனசு ஒடிந்துவிடும் என்று சொல்வார்கள். சிலருக்கு ஒடியலாம். அப்படியானால் எவ்வளவு, எப்போது என்பதில் இங்கிதம் வேண்டும். ஆனால் இந்த வாதத்தை நான் உபயோகித்தபோது காப்பாற்றியது அவர் மனசை அல்ல. சொல்ல வேண்டிய கஷ்டத்திலிருந்து என்னை. அறிவிக்காமல் விடப்பட்டவர் தேர்ந்தெடுப்பது தேர்வே அல்ல. அவர் இயந்திரத்தை மறுத்தாலும், கஷாயத்தை ஏற்றாலும், அது அவருடைய முடிவு ஆகாது. என்னுடைய முடிவை அவர் வாயால் சொல்ல வைத்ததாகத்தான் ஆகும்.

6

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொன்னேன். வடிகட்டி என்ற சொல்லை உபயோகித்தேன். களத்து மேட்டில் சல்லடை பிடித்தவருக்கு அது புரிந்தது. கண்கள் அடைந்துபோன சல்லடை, புதுசு மாற்ற முடியாது, மிச்சமிருக்கிற கண்களை மருந்தாலும் பத்தியத்தாலும் கொஞ்ச நாள் காப்பாற்றலாம், அப்புறம் மெஷின் என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மெஷின்ல போட்டா சரியாயிருமா?" என்றார்.

"சரியாவாது. நாள் ஓடும்."

"அப்ப அதுவும் கஷாயந்தான்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. அளந்து பார்த்த கஷாயம், அளக்காத கஷாயம் என்ற வித்தியாசம் மட்டும் உண்டு என்று சொல்லலாம். அது பெரிய வித்தியாசம்தான்; ஆனால் அவர் கேட்டது அதைப் பற்றி அல்ல.

அடுத்த வாரம் அவரே என்னை உள்ளூர் வைத்தியரிடம் கூட்டிப்போனார். எண்பது வயசுக்காரர். காகிதத்தை வாங்கிப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கல்லுக்குத்தான் தன்னிடம் தழை உண்டு, சுருங்கிப்போனதுக்கு இல்லை என்றார். பொடி டப்பாவை முகர்ந்து பார்த்து, என்னவென்று தெரியவில்லை, தெரியாததைக் குடிக்க வேண்டாம் என்றும் சொன்னார். மரபு என்று ஒன்று இருந்தால் அது இந்த 'இல்லை'யில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தன் எல்லை தெரிந்த வைத்தியர், தன் எல்லை தெரிந்த டாக்டர், இரண்டு பேரும் ஒரே ஜாதி. எல்லை தெரியாதவர்கள் மற்றொரு ஜாதி. அவர்கள் வெள்ளைக் கோட்டும் போட்டிருப்பார்கள், காவியும் கட்டியிருப்பார்கள்.

அப்பா கஷாயத்தை நிறுத்திவிட்டார். நான் சொன்னதற்காக அல்ல, வைத்தியர் சொன்னதற்காக. டயாலிஸிஸுக்குக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்து முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும்; அது பழுக்க மாதக்கணக்கில் ஆகும். அதைப் பற்றிக் கேட்டபோது, "கையில வழிய வேணும்னா போட்டு வெச்சுக்கலாம். போறதா வேணாமான்னு அப்பறம் நான் சொல்றேன்" என்றார். 'நான்' என்பதை அழுத்திச் சொன்னார்.

சரியான முடிவு என்று எனக்குப் படுகிறது. கதவைத் திறந்து வைத்திருக்கிறார். உள்ளே போவதைப் பற்றி வாக்குக் கொடுக்கவில்லை. இதில் என் பங்கு என்னவென்றால், அந்த நாள் வரும்போது காகிதத்தில் இருப்பதை அப்படியே சொல்வது. அவர் வேண்டாம் என்று சொன்னால்? மூச்சு வாங்கும், கால் வீங்கும், நினைவு தடுமாறும் என்பதெல்லாம் படித்திருக்கிறேன். அப்போது பக்கத்தில் இருந்து, குழுவாக மாறாமல், பொய்யும் சொல்லாமல், சட்டியை எடுத்துக்கொண்டு இருக்க எனக்குத் திராணி உண்டா? யோசித்து முடிவு கட்டக்கூடிய கேள்வி அல்ல இது. அந்த நாளில்தான் தெரியும். அதுவரை செய்யக்கூடியது, உப்பு என்ற சொல்லைச் சாப்பாட்டில் போடும் பொருளுக்கு மட்டும் உபயோகிப்பது.